பனி இன்னும் திறந்து வைக்கப்படவில்லை

என் சகலன் சிறியின் வீட்டுக் குசினியில், குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு நாட்காட்டி தொங்குகிறது. அதைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சிறிக்குப் பச்சை, அவர் மனைவி யோகாவுக்குச் சிவப்பு, பிள்ளைகள் இருவருக்கும் மஞ்சளும் ஊதாவும் என்று நிறம் பிரித்து, யார் எத்தனை மணிக்கு எங்கே நிற்க வேண்டும் என்று எழுதியிருக்கும். எழுதியதோடு நின்றால் பரவாயில்லை. அந்த வீட்டில் எல்லாரும் அந்தந்த நேரத்துக்கு அந்தந்த இடத்தில் நிற்பார்கள். பூமியின் இந்தத் தென்பாதியில் யூலைதான் நடுக்குளிர்காலம். ஒவ்வொரு யூலையிலும் ஒரு கிழமைக்கு, ஏழு நாளும் சேர்த்து, நீலக் கோடு இழுத்திருக்கும். அது பனிமலைக்குப் போகிற கிழமை.

யோகா என் மனைவி நிரூபாவின் அக்கா. ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு பெண்களில் மூத்தவளுக்கு அந்த நாட்காட்டி வாய்த்தது. இளையவளுக்கு நான் வாய்த்தேன்.

எங்கள் வீட்டிலும் நாட்காட்டி இல்லாமல் இல்லை. கிளேட்டனில் மரக்கறிக் கடைக்காரர் சும்மா தந்தது. ராகு காலமும் எமகண்டமும் அதில் தெளிவாக இருக்கின்றன. நிரூபாவுக்கு எப்போது வேலை என்பதைத்தான் அதில் கண்டுபிடிக்க முடியாது. அவள் ஆஸ்பத்திரியில் தாதி. அவளுடைய வேலை நேர ரோஸ்டரைப் போடுகிறவர் யாரென்று எனக்குத் தெரியாது, ஆனால் அந்த மனுசனுக்கு என்மேல் ஏதோ கோபம். நான் டண்டினோங்கில் உறைய வைத்த உணவுகளை அடுக்கி வைக்கும் களஞ்சியத்தில் மேற்பார்வையாளன். குளிர் அறைக்குள் நின்று பட்டாணிப் பெட்டி பார்ப்பது என் தொழில். வருடம் முழுக்க உறைபனிக்குள் நிற்கிறவனுடைய மகள் இன்னும் பனியைக் கண்டதில்லை என்று சொன்னால் வெளியில் வெட்கக்கேடு.

மகள் பெயர் மிருணாளினி, எட்டு வயது. "அப்பா, என்ட கிளாஸில எல்லாரும் ஸ்னோ பார்த்திட்டினம்," என்று அவள் சொல்லத் தொடங்கிச் சில காலம் ஆகிறது. முதலில் சிணுங்கிச் சொன்னாள். பிறகு அழுது சொன்னாள். இந்த வருடம் சாதாரணமாகச் சொன்னாள், பல் விளக்கியாயிற்று என்று சொல்வது போல. எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை. இந்தக் குளிர்காலம் முடிவதற்குள் உன்னைப் பனியில் இறக்கிவிடுவேன் என்று சத்தியம் பண்ணிக் கொடுத்தேன்.

இந்தக் குளிர்காலம் வேறு லேசுப்பட்டதாக இல்லை. மலையில் பனி கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஊருக்குள் காற்றும் மழையும். மின்சாரம் போய்விட்டது என்று ஒரு நாள் மிருவின் பள்ளிக்கூடம் பூட்டு. கூரை ஒழுகுகிறது என்று இன்னொரு நாள் பூட்டு. ஆசிரியர்கள் தங்களுக்குள் கூடிப் பேச வேண்டும் என்று பிள்ளைகளை வீட்டில் நிறுத்திய நாள்கள் தனி. ஒவ்வொரு தடவையும் யார் லீவு போடுவது என்று எங்கள் வீட்டில் விசாரணை நடக்கும். சிறி வீட்டில் அந்தக் கரைச்சல் கிடையாது. யோகாவுக்கு வீட்டிலிருந்தே வேலை. பள்ளிக்கூடம் பூட்டினால் அங்கே பிள்ளைகள் மைலோ குடித்துக்கொண்டு படம் பார்க்கும், யோகா அதைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவாள். நான் குளிர் அறைக்கு வெளியே கையைத் தேய்த்துக்கொண்டு அதைப் பார்ப்பேன்.

ஜூன் கடைசியில் சிறி எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"பிரஷாந்தன், வாற ஞாயிறு நாங்கள் மலைக்குப் போறம். காரில ஒரு இடம் இருக்கு. மிருவையும் கூட்டிக்கொண்டு போகட்டே?"

"வேண்டாம் அண்ணை. எங்கட தமிழ்ப் பாடசாலையால இந்தமுறை பெரிசா ஒண்டு செய்யினம். அதில நானே கூட்டிக்கொண்டு போறன்."

அவர் போனதும் நிரூபா குசினியிலிருந்து கையில் அகப்பையுடன் வந்தாள். "அத்தான் தானாத்தானே கேட்டவர். உங்களுக்கு என்ன விசரே?"

என்ன சொல்ல? என் பிள்ளை முதன்முதல் பனியைக் காண்கிற நேரம் அந்த மனுசனுடைய காரிலிருந்து இறங்க வேண்டுமா? பிறகு அந்தப் படமும் குழுவில் வருமே. பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைத்து என்ன பயன்? ஆனால் நிரூபாவிடம், "எல்லாம் பாடசாலை ஒழுங்கு செய்யுது, நீர் பேசாமல் இரும்," என்று சொல்லி முடித்தேன்.

இனிப் பாடசாலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தென்கிழக்கு நற்றமிழ்ப் பாடசாலை சனிக்கிழமைகளில் ஒரு உயர்பள்ளிக்கூடத்தின் கட்டடத்தை வாடகைக்கு எடுத்து நடக்கிறது. முன்பு வெறும் நற்றமிழ்ப் பாடசாலையாக இருந்தது. ஒரு ஆண்டு விழாவின் நன்றியுரையில் உப தலைவர் சுப்பையாவின் பெயர் ஒலிபெருக்கிக்காரருடைய பெயருக்குப் பிறகு வந்துவிட்டது. சுப்பையா அந்த மேடையிலிருந்து இறங்கி நேரே மேற்குப் புறநகரான டார்னெய்ட்டுக்குப் போய் மேற்கு நற்றமிழ்ப் பாடசாலையைத் தொடங்கினார். அன்றிலிருந்து நாங்கள் தென்கிழக்கு ஆனோம்.

எங்கள் தலைவர் மகேந்திரராஜா. அவருக்கு விழா இல்லாவிட்டால் நாள் போகாது. மண்டபத்துக்குள் குத்துவிளக்கு ஏற்றக் கூடாது என்று உயர்பள்ளிக்கூடக்காரர் சொல்லியும் ஒரு முறை ஏற்றினார். புகை மணி அடித்துத் தீயணைப்புப் படையினர் ஓடி வந்தார்கள். வந்தவர்கள் எல்லாருக்கும் பொன்னாடை போர்த்தித்தான் அனுப்பினார். எங்கள் பாடசாலையில் பொன்னாடை வாங்காதவன் மிக அரிது. சிறியின் பிள்ளைகளும் இங்கேதான். அவர் ஒலிபெருக்கியைத் திருத்தியதற்கு ஒன்றும், பரிசுக் கிண்ணங்கள் அன்பளிப்புச் செய்ததற்கு ஒன்றும் வாங்கியிருக்கிறார். நான் எத்தனையோ வருடமாக ஆட்கள் இருக்கக் கதிரை அடுக்கிக் கொடுக்கிறேன். ஒரு கைக்குட்டைகூடக் கிடைத்ததில்லை.

போன குளிர்காலத்தில் மேற்குப் பாடசாலைக்காரர் மலைக்குப் போய்ப் பனியில் விழா வைத்தார்கள். சுப்பையா பனியில் பொன்னாடையோடு நிற்கிற படம் எல்லாத் தமிழர் போனுக்கும் வந்தது. அன்றைக்கு மகேந்திரராஜா ஐயா சாப்பிடவில்லையாம். செயலாளர் விக்னேஸ்வரி அன்ரிதான் இதை மெதுவாகச் சொன்னார். அடுத்த கிழமை பனி உபகுழு அமைந்தது.

இந்த யூலையில் பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். உபகுழுவின் தயாரிப்பு வேலைகளுக்காக மூன்றாம் தவணை வகுப்புகள் நிறுத்தி வைக்கப்படும் என்று விக்னேஸ்வரி அன்ரி அறிவித்தார். கல்யாணி ரீச்சர் எழும்பினார். பாடசாலையில் உண்மையாகவே படிப்பிக்கிறவர் அவர் ஒருவர்தான், அதனால் அவருக்கு எந்த உபகுழுவிலும் இடமில்லை.

"ஐயா, என்ட வகுப்புப் பிள்ளையள் இன்னும் உயிர்மெய் எழுத்து முடிக்கேல்ல. ஒரு தவணை முழுக்க விட்டால் எல்லாம் மறந்திடுவினம்."

தலைவர் மைக்கைப் பிடித்தார். வீட்டில் சோறு கேட்கும்போதும் செந்தமிழில் கேட்கிறவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள்.

"அன்பான பெற்றோர்களே! வகுப்பு நடக்கவில்லை, வகுப்பு நடக்கவில்லை என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். நான் கேட்கிறேன், வகுப்பு நடத்துவதற்காகவா நாம் பாடசாலை நடத்துகிறோம்? வகுப்பை யாரும் நடத்தலாம். படம் வருமா? பத்திரிகையில் வருமா? மேற்கில் உள்ளவர்கள் பனிக்குப் போனார்கள். எனக்குப் பொறாமை இல்லை. அவர்கள் போனது சிறிய பனி! கணுக்காலைத் தாண்டாத பனி! படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். பலமுறை பார்த்தேன். இரவிரவாகப் பார்த்தேன்!"

எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பிறகு எழும்பி, "ஐயா, அங்க பிள்ளையளுக்கு விளையாட எவ்வளவு நேரம் கிடைக்கும்?" என்று கேட்டேன்.

"அருமையான வினா," என்றார் தலைவர். "தம்பி எங்கே தொழில் பார்க்கிறீர்?"

சொன்னேன். மண்டபம் முழுக்க ஒரு 'ஆ' எழுந்தது. குளிரில் அனுபவம் உள்ளவர் என்று சொல்லி அந்த இடத்திலேயே என்னைப் பனித்தள ஒழுங்கமைப்பாளர் ஆக்கிவிட்டார். முன்வரிசையில் இருந்த சிறி திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் இதுவரை வெறும் விளையாட்டு உபகுழு உறுப்பினர்தான். நான் கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

பனி விழாவுக்குக் குறித்த முதல் தேதி ஆகஸ்டின் முதல் சனி. நிரூபா தன்னோடு வேலை செய்யும் ப்ரீத்தியிடம் கெஞ்சி அந்தச் சனிக்கிழமை வேலையை மாற்றிக்கொண்டாள். மிருவின் நீச்சல் வகுப்பைத் தள்ளி வைத்தோம். வெள்ளி பின்னேரம் வாட்ஸ்அப்பில் வந்தது: "மேற்குப் பாடசாலையும் நாளையே பனிக்குச் செல்வதாக நம்பகமான தகவல் கிடைத்துள்ளது. ஒரே நாளில் ஒரே பனியை மிதிப்பது எமது மாண்புக்கு ஏற்றதன்று. விழா ஒத்திவைக்கப்படுகிறது."

அடுத்த தேதிக்கு நிரூபா மறுபடி வேலையை மாற்றினாள். அந்த முறை பனி போதாது என்றார்கள். எமது தகுதிக்கு ஏற்ற ஆழம் இல்லையாம். அதற்கடுத்த தேதிக்குப் பனி கூடிவிட்டது, தலைவருக்கு முழங்கால் நோவு. ஒவ்வொரு ஒத்திவைப்புக்கும் நிரூபா பதிலுக்கு ப்ரீத்தியின் ஞாயிற்றுக்கிழமை வேலை ஒன்றைச் செய்ய வேண்டி வந்தது. மிரு தன் சிநேகிதியின் பிறந்தநாளுக்குப் போகவில்லை, ஏனென்றால் அன்று பனி. அன்று பனியும் இல்லை. சரி, நாங்களே ஒரு நாள் காரை எடுத்துக்கொண்டு போகலாம் என்றால், எங்கள் இருவருக்கும் ஒன்றாக ஓய்வு வந்த சனிகள் எல்லாவற்றையும் உபகுழு பிடித்து வைத்திருந்தது. ஒத்திகைக்கு வராத பிள்ளைக்குப் பேச்சுப் போட்டியில் இடமில்லை என்றும் ஒரு அறிவித்தல்.

ப்ரீத்தி மதுரைப் பெண். ஒருநாள் ஸ்பீக்கரில் நிரூபாவிடம் கேட்டாள்: "அக்கா, உங்க ஸ்கூல்ல பனி விழுறதுக்குக்கூட மீட்டிங் போட்டுத்தான் முடிவு பண்ணுவாங்களா?"

"ஓம்," என்றாள் நிரூபா, என்னைப் பார்த்துக்கொண்டு. "இவர்தான் அதுக்கு ஒழுங்கமைப்பாளர்."

ஒத்திகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மண்டபத் தரையில் வெள்ளைப் படுக்கை விரிப்புகளை விரித்து, பிள்ளைகளை அதன்மேல் வரிசையாக நடக்கவிட்டார்கள். குனியக் கூடாது, கையால் தொடக் கூடாது, ஒருவர்மேல் ஒருவர் எறியக் கூடாது. எறிவதற்கு அங்கே ஒன்றும் இல்லை, ஆனாலும் பழக வேண்டும் என்றார் விக்னேஸ்வரி அன்ரி. தலைவர் என்னைத் தனியாக அழைத்து, "தம்பி, உம்முடைய குளிர் அறையின் சுவரில் கொஞ்சம் பனி படிந்திருக்குமே. ஒத்திகைக்கு ஒரு வாளி சுரண்டி வரலாமா?" என்று கேட்டார். நான் சுரண்டிக் கொண்டுபோனேன். வழியில் உருகிவிட்டது. அதற்கும் ஒரு கண்டனத் தீர்மானம் போட்டார்கள்.

இதற்கிடையில் சிறி வீட்டிலிருந்து படம் வந்தபடியே இருந்தது. சிறி சறுக்குகிறார். யோகா சறுக்குகிறாள். பிள்ளைகள் கையை விட்டுவிட்டுச் சறுக்குகிறார்கள். கீழே நீலக் கண்ணாடியோடு ஒரு பனிமனிதன், அதற்கும் கழுத்தில் நல்ல சால்வை. மிரு ஒவ்வொரு படத்தையும் விரலால் பெரிதாக்கிப் பார்ப்பாள். பிறகு 'பனியும் தமிழரும்' என்ற தன் பேச்சை மனப்பாடம் செய்யப் போவாள். "பனியே, உன் வெண்மை கண்டு என் உள்ளம் பூரிக்கிறது" என்று அவள் சுவரைப் பார்த்துச் சொல்வாள்.

செப்டெம்பர் பிறந்துவிட்டது. கடைசித் தேதி என்று ஒரு சனிக்கிழமையைச் சொன்னார்கள். அதற்குப் பிறகு மலையில் பனி நிற்காது. அன்றைக்கு ப்ரீத்தியாலும் மாற்ற முடியவில்லை.

"நீங்கள் ரெண்டு பேரும் போங்கோ," என்றாள் நிரூபா. மிருவின் கையுறைகளைத் தேடி எடுத்துப் பையில் வைத்தாள். "அவள் ஒருக்கா பனியில விழுந்து எழும்பினால் எனக்குக் காணும். எனக்கு வேற ஒண்டும் வேண்டாம். நீங்கள் பக்கத்தில நிண்டு வீடியோ எடுங்கோ. மறந்திடாதேங்கோ."

மறப்பேனா?

கிளேட்டனில் பஸ் புறப்பட்டபோது உள்ளே குத்துவிளக்கு, நிறைகுடம், மாவிலை, இரண்டு முழு வாழைமரம், ஒலிபெருக்கி, சாப்பிடப் பற்றிஸ், ரோல்ஸ், பொன்னாடைகள் நிறைந்த ஒரு பயணப் பெட்டி எல்லாம் ஏறியிருந்தன. வாழைமரம் நடுவில் படுத்திருந்ததால் பிள்ளைகள் காலை மடக்கிக்கொண்டு இருந்தார்கள். நான் களஞ்சியத்துச் செம்மஞ்சள் குளிர் அங்கியைப் போட்டிருந்தேன். முதுகில் பெரிதாக ஒரு பட்டாணிப் படம். சிறி குடும்பம் தங்கள் காரில், பனியில் வழுக்காமல் சில்லுக்குப் பூட்டும் சங்கிலியும் கொண்டு, எங்களுக்கு முன்னால் போனது. நாலு பேருக்கும் ஒரே நிற அங்கி. பார்க்க விளம்பரம் போல் இருந்தார்கள், நாசமாய்ப் போக.

மலையில் வளைவு திரும்பியதும் வெள்ளை வெளேரென்று பனி. பஸ் முழுக்க ஒரு கூச்சல். மிரு கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்தியபடி இருந்தாள். கண்ணாடி அவள் மூச்சில் புகைந்தது, அவள் கையால் துடைத்தாள், மறுபடி புகைந்தது.

கதவு திறந்தது. விக்னேஸ்வரி அன்ரி முதலில் குதித்து இறங்கிக் கையிலிருந்த குழாய் ஒலிபெருக்கியைத் தூக்கினார்.

"பிள்ளையள்! ஒருத்தரும் பனியில கால் வைக்கக் கூடாது! பனி இன்னும் திறந்து வைக்கப்படேல்ல!"

பிள்ளைகளை வாகனத் தரிப்பிடத்தின் ஈரத் தாரில் வரிசையாக நிறுத்தினார்கள். பனி தொடங்குகிற இடத்தில் வாழைமரங்களை நட்டு, நடுவில் சிவப்பு நாடா கட்டினார்கள். சிறப்பு விருந்தினர் வந்து நாடா வெட்டிப் பனியைத் திறந்து வைப்பார். அதுவரை எவரும் உள்ளே போகாமல் காக்க வேண்டியது பனித்தள ஒழுங்கமைப்பாளர். நான் நாடாவின் முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றேன். என் கைக்கு இந்தப் பக்கம் என் மகள். அந்தப் பக்கம் வெள்ளைக்காரப் பிள்ளைகள் உருண்டு புரண்டு கொண்டிருந்தார்கள். அவர்கள் திறந்து வைக்கப்படாத பனியில் விளையாடுகிறார்கள் என்று அவர்களுக்கு யார் சொல்வது?

மலையில் வேலை செய்கிற ஒருவர் வந்து என்ன காத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். இதைத் திறப்பதற்கு ஒருவர் வர வேண்டும் என்று விளக்கினேன். அவர் பனியைப் பார்த்தார், வாழைமரத்தைப் பார்த்தார், என் முதுகிலிருந்த பட்டாணியைப் பார்த்தார். "இது ஜூன் மாதமே திறந்தாச்சு மேட்," என்றார்.

சிறப்பு விருந்தினர் கொழும்பிலிருந்து மகளிடம் வந்திருந்த ஓய்வுபெற்ற கல்விப் பணிப்பாளர். சில்லுச் சங்கிலி இல்லாமல் வந்ததால் அவருடைய காரைக் கீழே மறித்துவிட்டார்கள். பிறகு சிறிதான் இறங்கிப்போய் அவரைத் தன் காரில் ஏற்றி வந்தார். இதற்குள் மதியம் தாண்டிவிட்டது. பணிப்பாளர் பட்டுவேட்டி கட்டியிருந்தார். காரின் கதவைத் திறந்தார், ஒரு காற்று அடித்தது, மூடிவிட்டார். அதன்பின் அவர் இறங்கவே இல்லை. காரை நாடாவரைக்கும் கொண்டுவந்து, நாடாவின் ஒரு நுனியை ஜன்னலுக்குள் நீட்டிக் கொடுத்தோம். அதற்கும் முன்னால் விளக்கேற்ற வேண்டுமே. முதல் திரி தலைவர், இரண்டாவது உப தலைவர் என்று பதவி ஒழுங்கு. மூன்றாவது திரியைப் பொருளாளர் ஏற்றும்போது முதல் திரி காற்றில் அணைந்துவிடும். திரும்பவும் தலைவரிலிருந்து தொடங்குவோம். ஒழுங்கு மாறினால் இன்னொரு பாடசாலை பிறந்துவிடும் என்ற பயம் எல்லாருக்கும் இருந்தது.

கடைசியில் பணிப்பாளர் ஜன்னல் வழியாக நாடாவை வெட்டினார். மைக்கையும் உள்ளே கொடுத்தோம். கார் ஹீட்டரின் இரைச்சலோடு அவர் பேசினார்.

"நான் ஓய்வு பெறும்வரை கல்விக்காகவே உழைத்தவன். எத்தனையோ பாடசாலைகளைத் திறந்து வைத்திருக்கிறேன். ஒன்றுக்குள்ளும் நான் போய்ப் பார்த்ததில்லை. போனால் குறை தெரியும், குறை தெரிந்தால் வேலை கூடும். இன்று இந்தப் பனியையும் அவ்வாறே திறந்து வைக்கிறேன். இதற்குள்ளும் நான் இறங்கப் போவதில்லை."

பிள்ளைகள் பாய்ந்தார்கள். "நில்லுங்கோ!" என்று அன்ரி கத்தினார். திறந்து வைத்தாயிற்று, ஆனால் நன்றியுரை முடிந்த பிறகுதான் பாவனைக்கு விடப்படும்.

பிறகு பேச்சுப் போட்டி. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து தாரில் நின்று, பற்கள் கிடுகிடுக்க, பனியைப் புகழ்ந்தார்கள். மிருவின் முறை வந்தது. "பனியே, உன் வெண்மை கண்டு..." என்று தொடங்கியவள் திரும்பிப் பனியைப் பார்த்தாள். மிச்சம் மறந்துவிட்டது. பார்த்தபடியே நின்றாள். நடுவர்கள் புள்ளி போட்டார்கள். பஸ் சாரதி என்னிடம் வந்து, பின்னேரம் ரோட்டில் நீர் உறையும், இன்னும் அரைமணியில் கட்டாயம் இறங்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மிரு ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். "அப்பா, பஸ் போகப் போகுது. வாங்கோ. இப்ப வாங்கோ, ப்ளீஸ்."

நானும் வெட்டிய நாடாவைத் தாண்டக் காலைத் தூக்கினேன். சத்தியமாகத் தூக்கினேன். அந்த நேரம் ஒலிபெருக்கியில் தலைவரின் குரல்.

"அடுத்ததாக, காலை முதல் ஒரு குழந்தையைக்கூடப் பனியைத் தொட விடாமல் கண்ணை இமை காப்பது போல் காத்த எமது பனித்தள ஒழுங்கமைப்பாளர் பிரஷாந்தன் அவர்களுக்கு, பொன்னாடை போர்த்திக் கௌரவிக்க..."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சிறியும் பார்த்தார். அவர் பார்த்ததுதான் எனக்கு வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன். நெஞ்சு விம்மிவிட்டது.

"ஒரு நிமிஷம் குஞ்சு," என்றேன். "அப்பாவைக் கூப்பிடினம்."

தலைவர் போர்த்தினார். படம்பிடிப்பவர் கமெராவைத் தட்டிப் பார்த்தார், குளிரில் பற்றரி செத்துவிட்டது. வேறு பற்றரி போட்டுக் கொண்டு வந்து, மறுபடி போர்த்தச் சொன்னார். கழற்றிப் போர்த்தினார்கள். தலைவர் கண்ணை மூடிவிட்டார், மறுபடி. பொன்னாடையின் சரிகைக் கரை தெரியவில்லை, மேற்குக்காரரின் படத்தில் கரை நன்றாகத் தெரிந்தது என்று தலைவரே கழற்றிவிட்டு மறுபடி போர்த்தினார். நான் சிரித்துக்கொண்டே நின்றேன். படம்பிடிப்பவரின் தோளுக்கு மேலால் எனக்குச் சரிவு தெரிந்தது. அங்கே சிறி என் மகளைத் தூக்கித் தன் சறுக்குப் பலகையில் முன்னால் இருத்தினார். தானும் பின்னால் ஏறினார். விட்டார். அவள் வாயைப் பிளந்துகொண்டு போனாள். என்ன சத்தம் போட்டாள் என்று எனக்குக் கேட்கவில்லை, பக்கத்தில் தலைவர் பேசிக்கொண்டிருந்தார். கீழே போய்க் கவிழ்ந்தார்கள். அவள் பனிக்குள் குப்புற விழுந்து, எழும்பி, மறுபடி வேண்டுமென்றே விழுந்தாள்.

"தம்பி, இங்கே பாரும், இங்கே பாரும்," என்றார் படம்பிடிப்பவர்.

பார்த்தேன். அப்போது பஸ் ஹோர்ன் அடித்தது.

திரும்பி வரும்போது மிரு எனக்குப் பக்கத்தில் இருந்தாள். கையுறைகள் தெப்பமாக நனைந்திருந்தன, கழற்ற மாட்டேன் என்றாள். மலையிறங்கி ஹீல்ஸ்வில் வந்ததும் போனுக்கு சிக்னல் வந்தது. குடும்பக் குழுவில் சிறி போட்ட வீடியோ. திறந்தேன். மிரு சிரிக்கிறாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சுத் திணறி, "அகெய்ன் பெரியப்பா, அகெய்ன்!" என்று சிரிக்கிறாள். அப்படி ஒரு சிரிப்பு அவளிடம் இருப்பது எனக்கு இதுவரை தெரியாது. அது சிறியின் போனில்தான் இருக்கிறது. எனக்கு எரிந்த எரிச்சலில் அந்த மலைப் பனி முழுவதும் உருகியிருக்கும்.

நிரூபா வேலையில் தேநீர் இடைவேளையில் அழைத்தாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"மிரு! அம்மா வீடியோ பாத்தனான். பனி எப்பிடியடா இருந்தது?"

"அம்மா, அது சொஃப்ட் இல்ல. காதுக்குள்ள போகுது. வாய்க்குள்ளயும் போனது, நான் சாப்பிட்டன்!"

"எல்லாம் சரி, வீடியோவில அப்பாவைக் காணேல்லையே. அப்பா எங்க நிண்டவர்?"

மிரு என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் ஒன்றும் இல்லை அவளிடம். நடந்ததைச் சொன்னாள்.

"அப்பாவுக்கு அப்ப நன்றி சொல்லிக்கொண்டு நிண்டவை, அம்மா."

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் யாரோ வண்டில் தள்ளிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.

"ஓ," என்றாள் நிரூபா. "நல்லது." போனை வைத்துவிட்டாள்.